டெபோராவின் பெயரில்

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. தாம்பரம் மேற்கில், ரயில் நிலையப் படிக்கட்டை ஒட்டிய டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது காதில் விழுந்தது. அதுவும் முழுதாக அல்ல, ஒரே ஒரு வாக்கியம். எனக்குப் பக்கத்தில் ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதர் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, முதுகில் லேப்டாப் பை, நல்ல அடர்த்தியான மீசை. கைப்பேசியில் மிகப் பணிவாகச் சொன்னார்:

"ஆமாங்க மேடம். டெபோரா நான்தான்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த மனிதர் போனதும் என் பக்கம் குனிந்து, "இன்னா சார் இது, இம்மாம் பெரிய மீசை வெச்சிகினு லேடீஸ் பேர் சொல்லிகினு போறாரு? எதுனா பேஜாரா?" என்றார்.

எனக்குத் தெரியாது என்றேன். இன்றுவரை தெரியாது. அவர் மனைவியின் பெயரில் இருக்கும் எரிவாயு சிலிண்டருக்குப் பதிந்துகொண்டிருந்திருக்கலாம். ஆனால் எழுதுகிறவனிடம் ஒரு வாக்கியம் சிக்கினால் அவன் அதைச் சும்மா விடமாட்டான். அவருக்கு ஜெர்சன் என்று பெயர் வைத்து, ஊரப்பாக்கத்தில் குடிவைத்து, கணினி வேலையிலும் சேர்த்துவிட்டேன்.*

* டீக்கடையில் நின்றவர் 'அவர்'. ஜெர்சன் 'அவன்'. முன்னவருக்கு நான் யாரோ. பின்னவனை உண்டாக்கியதே நான் என்பதால் உரிமை எடுத்துக்கொள்கிறேன். எழுதுகிறவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் உரிமைதான், யாரும் இதுவரை ஆட்சேபித்ததில்லை.

2

தொடங்கிப் பார்த்தவை:

[கேளம்பாக்கம் சாலையில் அந்தக் கண்ணாடிக் கட்டடம் காலை வெயிலில் —]

வேண்டாம். கணினிக்காரர் கதை என்றாலே கண்ணாடிக் கட்டடம் வந்து நின்றுவிடுகிறது. வெயிலும் கூடவே வந்துவிடுகிறது.

[கழுத்தில் இத்தனை வருடம் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி ஜெர்சன் மேசைமேல் வைத்தபோது —]

இது பரவாயில்லை. ஆனால் முதல் வரியிலேயே வாசகரிடம் கண்ணீர் கேட்கிறது. அறிமுகமே ஆகாத ஒருவனுக்காக நீங்கள் ஏன் அழவேண்டும்?

[ஊரப்பாக்கத்தில் மனை வாங்கியபோது ஜெர்சன் அதை மனைவி பெயரில் பதிந்தான்.]

இதை வைத்துக்கொள்கிறேன். ஜிஎஸ்டி சாலையின் இரண்டு பக்கமும் இதுதான் வழக்கம். மனை மனைவி பெயரில், ஸ்கூட்டர் மனைவி பெயரில், சிலிண்டர் மனைவி பெயரில். அன்பு ஒரு காரணம், வரி இன்னொரு காரணம், எது முதல் காரணம் என்று யாரும் நோண்டுவதில்லை. மனைவியிடம் கேட்பதும் இல்லை. "இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்று தாளை நீட்டினால் அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து போடுவாள். டெபோராவும் அப்படித்தான் போட்டாள். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை அவள். எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடாதே என்று மாணவிகளுக்குச் சொல்லித்தருகிறவள்.

3

ஜெர்சன் கணினி நிரல் எழுதத் தெரிந்தவன் என்பதற்காகத்தான் அந்த நிறுவனம் அவனை வேலைக்கு எடுத்தது. நன்றாக எழுதினான் என்பதற்காகக் குழுத் தலைவன் ஆக்கியது. நன்றாகத் தலைமை தாங்கியதால் மேலாளர் ஆக்கியது. அதன்பிறகு அவன் ஒரு வரி நிரலும் எழுத வேண்டியிருக்கவில்லை. மற்றவர்கள் எழுதுவது எப்போது முடியும் என்று வேறு சிலருக்குப் படம் போட்டுக் காட்டுவதே வேலையாயிற்று. எந்தக் கைக்காக ஒருவனைக் கூப்பிட்டார்களோ அந்தக் கையைக் கட்டிப்போடுவதற்குப் பெயர் பதவி உயர்வு. நான் கணினிக்காரன் இல்லை. ஆனால் நல்ல ஆசிரியர்களைத் தலைமையாசிரியர் ஆக்கி நாற்காலியில் உட்காரவைப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் இது புரிகிறது.

கை அரித்தது. வீட்டில் எழுதத் தொடங்கினான். அதற்குக் காரணமும் டெபோராதான். மாணவிகளின் மதிப்பெண்களை இணையத்தில் ஏற்றவேண்டிய கடைசி நாள், ஊரப்பாக்கத்தில் மழை, கரண்ட் போய்ப் போய் வருகிறது. முக்கால்வாசி ஏறிய கோப்பு அறுந்துபோய், மறுபடி முதலிலிருந்து ஏற ஆரம்பிக்கிறது. மூன்றாம் முறை அறுந்தபோது டெபோரா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "விட்ட எடத்துலேர்ந்து போனா என்னவாம் இதுக்கு?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு ஜெர்சன் எழுதிய பதில்தான் 'விட்ட இடம்'. சின்ன நிரல். அனுப்புவது பாதியில் அறுந்தால், இணைப்பு வந்ததும் விட்ட இடத்திலிருந்து மிச்சத்தை அனுப்பும். அவ்வளவுதான். அதை அவன் திறமூலமாக இணையத்தில் வைத்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், காசு கிடையாது. கோடையில் தெருமுனையில் வைக்கும் தண்ணீர்ப் பந்தல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், நம் ஊர்ப் பந்தலில் பானையைவிட வைத்தவரின் படம் பெரிதாக இருக்கும்.

படம் வைக்க ஜெர்சனால் முடியாது. வேலையில் இருக்கும்வரை அவன் வீட்டில் எழுதுவதும் தங்களுக்கே சொந்தம் என்று நிறுவனம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தது. அனுமதி கேட்டால் வருடக்கணக்கில் இழுப்பார்கள். பக்கத்து இருக்கை அரிகிருஷ்ணன்தான் வழி சொன்னான்.

"இதுல என்ன மச்சான் யோசனை? பிளாட் யார் பேர்ல வாங்கின?"

அப்படித்தான் நிரலை இணையத்தில் வைக்கும் கணக்கு டெபோராவின் பெயரில் திறக்கப்பட்டது. இந்த முறை கையெழுத்துகூடத் தேவைப்படவில்லை.

4

இந்த இடம்வரை எழுதியதை எங்கள் தெருவில் இருக்கும் மெட்டில்டா டீச்சரிடம் படிக்கக் கொடுத்தேன். என் கதைகளை அச்சுக்குப் போகும் முன் படிப்பவர் அவர் ஒருவர்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்:

"சார், இந்தப் பொண்ணு அழறா, கையெழுத்துப் போடறா. வேற வேலை எதுவும் குடுக்கமாட்டீங்களா?"

சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால் டெபோராவை நான் ஒரு பெயராகத்தான் கதைக்குள் கொண்டுவந்தேன். ஜெர்சனுக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெயர் தேவைப்பட்டது, எனக்குக் கதை நடக்க ஒரு பெயர் தேவைப்பட்டது. ஆனால் ஒரு வேதியியல் ஆசிரியை தன் பெயரில் வீட்டுக்குள் நடக்கும் காரியத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாளா?

[டெபோராவுக்குக் கணினி என்றாலே —]

இல்லை. அழித்துவிட்டு மறுபடி யோசித்தேன்.

திறமூலத்தில் நிரல் எழுதுவது பாதி வேலைதான். உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வந்து, இது ஓடவில்லை, அது உடைந்திருக்கிறது என்று எழுதுவார்கள். சிலர் மரியாதையாக, பலர் எரிச்சலாக. எல்லாருக்கும் பதில் போடவேண்டும். ஜெர்சனின் பதில்கள் மூன்று சொல்லுக்கு மேல் போகாது. 'குறிப்பைப் படிக்கவும்.' 'பிழை உங்களுடையது.' ஒருநாள் அவன் எழுதி வைத்திருந்த பதிலை, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த டெபோரா எட்டிப் பார்த்தாள்.

"என் பேர்ல இப்படியா எழுதுவீங்க? என்னைப் பத்தி அந்த ஆள் என்ன நினைப்பார்?"

"யாருன்னே தெரியாத ஆள் டெபி."

"பேர் என்னுதுதானே? தள்ளுங்க."

அன்றிலிருந்து நிரல் அவன், பதில் அவள். தொடக்கத்தில் அவன் விஷயத்தைச் சொல்வான், அவள் பக்குவமாக எழுதுவாள். பிறகு அவன் சொல்வதும் குறைந்தது. சாயங்காலங்களில் திருத்திய விடைத்தாள்களை ஓரம் தள்ளிவிட்டு அவள் மடிக்கணினியை இழுத்துக்கொள்வாள். தன் பெயரில் என்ன போகிறது என்று அவள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். அவள் என்ன எழுதுகிறாள் என்று அவன் பார்க்கவே இல்லை. இப்படியே பதினோரு வருடம் ஓடியது. விட்ட இடம் பல தேசங்களுக்குப் போனது. பள்ளிக்கூடங்கள், மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிகள், கரண்ட் போகிற ஊர்கள் எல்லாவற்றிலும் அது ஓடியது.

மெட்டில்டா டீச்சர் இதைப் படித்துவிட்டு, "இப்ப பரவால்ல" என்றார். அவரிடம் அதற்குமேல் பாராட்டு வாங்கிய எழுத்தாளர் தாம்பரத்தில் இல்லை.

5

ஜெர்சனின் வேலை போயிற்று. எப்படி என்று நீட்டப்போவதில்லை. ஒரு சிறிய அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் கண் துடைக்கும் காகிதப் பெட்டியைத் தயாராக வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. இனி அவன் வெளியே எழுதியவற்றின்மேல் தங்களுக்கு உரிமை இல்லை என்றும் பிரிவுத் தாளில் எழுதிக்கொடுத்தார்கள். எங்களுக்கு நீயும் வேண்டாம், நீ எழுதியதும் வேண்டாம் என்பதுதான் அதன் பொருள்.

மகள் ஆஷா கல்லூரி இரண்டாம் ஆண்டு. டெபோராவின் சம்பளத்தில் வீடு ஓடியது, ஆனால் மூச்சு வாங்கியது. ஜெர்சன் போன இடங்களில் எல்லாம் ஒரே கேள்வி: "கடைசியா நீங்களே கோட் எழுதினது எப்போ சார்?" சொல்வதற்கு அவனிடம் பதினோரு வருட வேலை இருந்தது. காட்டினால் அதில் அவன் பெயர் எங்கும் இல்லை. மனைவியின் கணக்கைக் காட்டி இது நான்தான் என்றால் ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "எல்லாரும் இப்ப இப்படித்தான் சொல்றாங்க" என்றார். நான் கற்பனை செய்தவன்தான் என்றாலும், அன்று அவன் மின்சார ரயிலில் ஊரப்பாக்கம் திரும்பியதை எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நாற்பத்தாறு வயதில் ஒருவனைப் பொய்க்காரன் என்று சொல்லாமல் சொல்லி அனுப்பினால் அவன் எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவான்?

அப்போதுதான் டெபோராவின் கணக்குக்கு ஒரு மடல் வந்தது. கேளம்பாக்கத்தில் ஒரு நிறுவனம். அவர்கள் விட்ட இடத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதைச் செய்தவரை வேலைக்கு எடுக்க விரும்புகிறார்கள். தொலைபேசி எண் கேட்டிருந்தார்கள். ஜெர்சன் தன் எண்ணைக் கொடுத்தான். அடுத்த நாள் அழைப்பு வந்தபோது அவன் தாம்பரத்தில், டீக்கடையில் இருந்தான். என்ன சொன்னான் என்று உங்களுக்குத் தெரியும். டீ ஆற்றியவருக்கும் தெரியும்.

6

கேளம்பாக்கத்தில் அவனை நேர்காணல் செய்த விஷ்ணுப்ரியாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஜெர்சன் பயந்த மாதிரி அவள் சிரிக்கவில்லை. அவன் ஒப்பந்தத்தையும் அரிகிருஷ்ணன் யோசனையையும் சொன்னபோது, "எங்கப்பாவும் பெருங்களத்தூர் வீட்டை அம்மா பேர்லதான் வாங்கினார்" என்றாள். நிரலைத் திரையில் போட்டாள். ஏன் இப்படிச் செய்தீர்கள், ஏன் அப்படிச் செய்யவில்லை என்று கேட்டாள். ஜெர்சன் ஒவ்வொன்றுக்கும் சொன்னான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் குரல் உயர்ந்தது. எழுதியவனுக்கு மட்டும் தெரிந்த பதில்கள் அவை. அவள் நம்பிவிட்டாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

[இங்கேயே வேலையைக் கொடுத்து முடித்திருக்கலாம். ஜெர்சன் என்னைப் பார்த்துக் கெஞ்சுவதுபோலக்கூட இருந்தது.]

"சார், ஒண்ணு சொல்றேன். கோட் எழுத எங்ககிட்ட ஆள் இருக்காங்க. இந்தப் போஸ்ட் வெளியிலேர்ந்து வர்றவங்களோட பேசறதுக்கு. உங்க பதில்களைப் படிச்சுட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டேன்." திரையை மாற்றினாள். "இதை எங்க டீம்ல எல்லாருக்கும் காட்டியிருக்கேன்."

மலை ஊர் ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் எப்போதோ எழுதியது. எக்ஸ்ரே படம் கீழே இருக்கும் மருத்துவருக்குப் போகவே இல்லை, உங்கள் நிரல் குப்பை என்று கொட்டித் தீர்த்திருந்தார். அதன் கீழே டெபோராவின் பதில்: 'அந்த நோயாளி இப்போது எப்படி இருக்கிறார்? முதலில் அதைச் சொல்லுங்கள். பிழையைப் பிறகு நாம் சேர்ந்து தேடலாம்.' கீழே இருவரும் மாறி மாறி எழுதியிருந்தார்கள். பிழை கிடைத்தது. அது ஜெர்சனின் பிழை. கண்டுபிடித்தவர் அந்த ஊழியர். பிழையைத் திருத்தியது ஜெர்சனுக்கு நினைவிருந்தது. இந்த உரையாடலை அவன் இன்றுதான் பார்க்கிறான்.

"அந்தப் பேஷண்ட் என்ன ஆனாங்க சார்? அது இதுல இல்ல. உங்களுக்குத் தனியா எழுதினாரா?"

பிழைத்துக்கொண்டார் என்று ஜெர்சன் சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டும் என்று நானே அவனை இரண்டு தடவை தள்ளிப் பார்த்தேன். அவனால் முடியவில்லை.

"பதில் எல்லாம் என் வைஃப்" என்றான். "நான் படிச்சதுகூட இல்ல."

விஷ்ணுப்ரியா திரையில் இருந்த பதிலை மறுபடி ஒருமுறை படித்தாள். பிறகு, "அந்த அக்கவுண்ட்லேர்ந்து மேடம் எனக்கு ஒரு மெயில் போடட்டும் சார். எது யார் செஞ்சதுன்னு. அவங்க சொல்றதை வெச்சு நான் மேல பேசறேன்" என்றாள்.

7

ஞாயிற்றுக்கிழமை, ஆலயம் முடிந்து, சாப்பாடு முடிந்து. ஆஷா தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். ஜெர்சன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். டெபோரா விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பேஷண்ட் என்ன ஆனாங்க டெபி?"

அவள் பேனாவை மூடினாள். "இப்பதான் கேக்கத் தோணுதா?"

அவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அது அந்த ஆஸ்பத்திரிக்காரரோட அம்மா. அந்த வாரமே தவறிட்டாங்க. படம் நேரத்துக்குப் போயிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாராம். அதையும் அவரே எழுதினார், நான் வருத்தப்படக் கூடாதுன்னு. அம்மாவை அடக்கம் பண்ணிட்டு வந்துதான் உங்க பிழையைக் கண்டுபிடிச்சார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அதுக்கப்புறம் ஒரு வரி எழுதியிருப்பீங்களா?"

எழுதியிருக்கமாட்டான். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவ்வளவு நாளும் அந்தத் துக்கத்தை அவள் தனியாகச் சுமந்திருக்கிறாள், அவன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறான். ஆனால் வேலை வேண்டுமே. கேட்டுவிட்டான்.

"எல்லாம் நான்தான்னு ஒரு வரி போட்டுடேன். பதில்கூட நான் சொல்லி நீ டைப் பண்ணினதுன்னு. இந்த ஒரு தடவை."

"போடறேன். வீட்டு நிலைமை எனக்குத் தெரியாதா?" மடிக்கணினியை இழுத்தாள். திறக்கவில்லை. "ஸ்கூல்ல நான் கெமிஸ்ட்ரி மிஸ். சர்ச்ல மிஸஸ் ஜெர்சன். காலேஜ்ல ஆஷா அம்மா. என்னை டெபோரான்னு கூப்பிட்டுப் பேசறவங்க இதுல மட்டும்தான் இருக்காங்க. இல்லன்னு நானே என் கையால எழுதணும். அதான் கொஞ்சம் நேரம் ஆகுது, வேற ஒண்ணும் இல்ல."

அவள் அழவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. ஜெர்சன் எழுந்து வந்து அவள் பின்னால் நின்றான்.

"நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. பின்னாடி ஆள் நின்னா எனக்கு எழுத வராது."

போனான். வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

8

இனி முடிவு. மூன்று எழுதிவைத்திருக்கிறேன்.

முதலாவதில் டெபோரா எல்லாவற்றையும் கணவன் பெயரில் எழுதிக்கொடுக்கிறாள். வேலை கிடைக்கிறது, கேக் வெட்டுகிறார்கள். இதைக் கொண்டுபோனால் மெட்டில்டா டீச்சர் என்னை வாசலோடு அனுப்பிவிடுவார். இரண்டாவதில் அவள் உள்ளதை எழுதுகிறாள், வேலை அவளுக்கே வருகிறது, கேளம்பாக்கம் போகும் அவளுக்கு ஜெர்சன் டிபன் பாக்ஸ் கட்டிக்கொடுக்கிறான். கைதட்டல் வாங்கும் முடிவு. அவளுக்கு வேதியியல் பிடிக்குமா, மாணவிகளை விட்டுவர மனசு வருமா என்று நான் யோசிக்கவே இல்லை. மூன்றாவதில் இருவரையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்கள். கம்பெனி என்ன கல்யாண விருந்தா, குடும்பத்தோடு வாருங்கள் என்று கூப்பிட?

மூன்றையும் தள்ளிவிட்டு, அந்த மடலையே எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

[அன்புள்ள விஷ்ணுப்ரியா, நான் டெபோரா. இந்தப் பதினோரு வருடங்களில் நான் —]

நன்றாகத்தான் வந்தது. அடுத்த வரியும் கைவசம் இருந்தது. ஆனால் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதுவரை டெபோராவின் பெயரில் எழுதியவர்கள் இரண்டு பேர். ஜெர்சன் ஒருவன், நான் இன்னொருவன். அவனாவது அவள் கணவன், வரும் சம்பளத்தில் வீடு ஓடவேண்டும் என்ற அவசரம் அவனுக்கு உண்டு. எனக்கு ஒரு கதை முடியவேண்டும், அவ்வளவுதான். இரண்டு பேருமே அவளைக் கேட்கவில்லை.

ஆகவே என் வரியை அழித்துவிட்டேன். முடிவை உங்களிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், இந்த மாதிரிக் கதைகளில் அது வழக்கமும்கூட. மன்னிக்கவேண்டும். கொடுத்தால் நீங்கள் மூன்றாவது ஆள் ஆவீர்கள்.

வாருங்கள், நாமும் வெளியே போவோம். கேட்டின் அந்தப் பக்கம் ஜெர்சன் நிற்கிறான், அவன் பக்கத்தில் இடம் இருக்கிறது. உள்ளே விசைகளின் சத்தம் கேட்கிறது, நிற்கிறது, மறுபடி கேட்கிறது. ஜெர்சன் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டான். நீங்கள் பார்க்காதீர்கள். அவள் எழுதட்டும்.